தண்ணீர் நிற்கும் வயல், நிற்காத வயல்: மண்ணின் துளையளவை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது

மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரங்கள் இருக்கும். தழை, மணி, சாம்பல், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். 2015-லிருந்து வரும் இந்த அட்டை நல்ல விஷயம்தான். ஆனால் பெய்த மழை எங்கே போகும், வேர் எது வரை இறங்கும், வேருக்குக் காற்று கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூடப் பதில் சொல்லாது. கடலூர் மாவட்டத்திலும் பாகூர் பக்கமும் "உரம் போட்டும் பயிர் எடுக்கவில்லை" என்று சொல்லப்படும் வயல்கள் பலவற்றில் குறை உரத்தில் இல்லை. மண் துகள்களுக்கு நடுவில் உள்ள துளைகளில் இருக்கிறது.

துளை மொத்தம் எவ்வளவு என்பதைவிட எந்த அளவுத் துளை எவ்வளவு என்பதுதான் முக்கியம். மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும். தலைமுடித் தடிமனும் அதற்கு மேலும் உள்ளவை பெருந்துளைகள். மழை விட்டதும் இவற்றில் உள்ள தண்ணீர் தானாக வடிந்துவிடும், அந்த இடத்தில் காற்று புகும், வேர் நுழையும். அதற்குக் கீழே, 0.2 மைக்ரான் வரை உள்ளவை இடைத்துளைகள். பயிர் குடிக்கும் தண்ணீர் இவற்றில்தான் நிற்கிறது. (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) 0.2 மைக்ரானுக்கும் சிறியவை நுண்துளைகள். அவற்றில் உள்ள தண்ணீரைப் பிடுங்க 15 பார் அழுத்தத்துக்கு மேல் இழுக்க வேண்டும், பெரும்பாலான பயிர்களால் அது முடியாது.

பெருந்துளைக்கு இன்னொரு குணமும் உண்டு. விட்டம் இரண்டு மடங்கானால் ஓடும் தண்ணீர் பதினாறு மடங்காகும். மண்புழு போட்ட ஒரு மில்லிமீட்டர் துளை ஒன்று, 0.1 மில்லிமீட்டர் துளைகள் பத்தாயிரம் செய்யும் வடிகால் வேலையைச் செய்துவிடும். அதனால்தான் சேற்றில் ஒரே ஒரு முறை தவறான நேரத்தில் டிராக்டர் இறங்கினாலும் வயல் மாறிப்போகிறது. மொத்தத் துளையில் குறைவது கொஞ்சம்தான், ஆனால் குறைவது அத்தனையும் பெருந்துளையில்.

கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு அளவெடுப்பு. இதைச் செய்யாமல் மருந்துக்குப் போகாதீர்கள், ஏனென்றால் ஒரு கோளாறுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும்.

முதல் வேலை: ஒரு குழி, ஒரு வளையம், ஒரு தராசு

நாலு அங்குல பிவிசி குழாயில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு விளிம்பை வெளிப்பக்கமாகச் சீவிக் கூர்மையாக்குங்கள். உள்விட்டத்தை அளந்து கொள்ளளவைக் கணக்குப் போடுங்கள். உள்விட்டம் சரியாக 10 சென்டிமீட்டர் இருந்தால் 785 கன சென்டிமீட்டர் வரும்.

வயலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சிறு பாத்தி கட்டி, தண்ணீர் நிறைய விட்டு, தார்ப்பாய் போட்டு மூடி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். வடிய வேண்டியது வடிந்திருக்கும். அப்புறம் வளையத்தை மண்மேல் வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, சுத்தியலால் மெதுவாக இறக்குங்கள். இங்கேதான் கவனம் வேண்டும்: வளையத்துக்கு உள்ளே உள்ள மண் வெளி மண்ணைவிடத் தாழ்ந்து போயிருந்தால் அடித்த அடியில் மண் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வேறு எடுங்கள். சரியாக இறங்கியிருந்தால் மண்வெட்டியால் அடியோடு பெயர்த்து, இரண்டு பக்கமும் கத்தியால் சமன் செய்து, மண்ணை மட்டும் எடை போடுங்கள். பிறகு அடுப்பில் வாணலியில் சிறு தீயில் கிளறி, எடை இனிக் குறையவில்லை என்ற நிலை வரும் வரை உலர்த்துங்கள். ஆய்வகத்தில் 105 டிகிரியில் ஒரு நாள் வைப்பார்கள். வெயிலில் காயவைப்பது மட்டும் போதாது.

ஒரு கணக்கு பார்ப்போம். உலர்ந்த எடை 1180 கிராம் என்றால் அடர்த்தி 1180 ÷ 785 = 1.50. மண் துகளின் அடர்த்தி ஏறக்குறைய 2.65. ஆக மொத்தத் துளை 1 − (1.50 ÷ 2.65), அதாவது கொள்ளளவில் 43 சதவீதம். ஈர எடைக்கும் உலர் எடைக்கும் வித்தியாசம் 290 கிராம் என்றால் இரண்டு நாள் வடிந்த பிறகும் மண்ணில் நிற்கும் தண்ணீர் 37 சதவீதம். 43-ல் 37 போனால் மீதி 6. அதுதான் காற்றுக்கு உள்ள இடம். 10 சதவீதத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான பயிர்களின் வேர் திணறத் தொடங்கும். இன்னொரு விகிதமும் போட்டுப் பாருங்கள்: 37 ÷ 43 = 0.86. இது 0.6-க்கும் 0.7-க்கும் நடுவில் இருந்தால் தண்ணீரும் காற்றும் அளவாக இருக்கின்றன. 0.7-க்கு மேல் போனால் காற்று போதவில்லை, 0.6-க்குக் கீழே என்றால் தண்ணீர் பிடிக்கவில்லை. இந்த ஒரு எண்ணே பாதி நோயைச் சொல்லிவிடும்.

மேல்மண்ணில் ஒன்று, 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்று என்று இரண்டு அடுக்கிலும் எடுக்க வேண்டும். ஒரு இடத்தை நம்ப வேண்டாம், வயலில் நாலு இடமாவது பாருங்கள். வெடிக்கும் களிமண்ணாக இருந்தால் ஈரமாக இருக்கும்போதே எடுங்கள். காய்ந்தால் சுருங்கிக் கணக்கு தப்பும்.

அறிகுறி: அறுவடைக்குப் பின் விதைத்த உளுந்து மஞ்சளாகிறது, வளர்ச்சி நின்றுவிட்டது

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம், வீராணம் பாயும் வயல்களில் இது அதிகம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தை நெல்லுக்குள்ளேயே தெளித்துவிடுவோம். உழவு கிடையாது. நெல் விட்டுவைத்த துளைகளோடுதான் உளுந்து வாழ வேண்டும். நெல்லுக்காக நாம் செய்ததோ அதற்கு நேர் எதிர். சேற்றுழவின் நோக்கமே பெருந்துளையை அழித்துத் தண்ணீரை நிறுத்துவதுதான். கேஜ் வீல் (டிராக்டரில் மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) கலக்கக் கலக்கப் பெருந்துளைகள் உடைந்து, மிதக்கும் களித்துகள் அவற்றில் படிந்து அடைத்துவிடுகிறது. அதற்கு அடியில் டிராக்டர் எடை வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் அழுத்தி ஒரு கெட்டி அடுக்கை, அதாவது தட்டை, உண்டாக்குகிறது.

நெல்லுக்கு அது பாதிப்பில்லை. இலையிலிருந்து வேர் வரை காற்றைக் கொண்டுபோகும் குழாய் போன்ற திசு நெல்லின் உடம்பிலேயே இருக்கிறது. உளுந்துக்கு அந்த வசதி இல்லை. அதன் வேருக்குக் காற்று மண் வழியாகத்தான் வர வேண்டும். தண்ணீர் நிறைந்த துளையில் ஆக்சிஜன் காற்றில் நகர்வதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாக நகரும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி மேலே நிற்காவிட்டாலும் வேர் மூச்சுத் திணறும்.

எப்படி உறுதி செய்வது? ஒரு செடியை இழுக்காதீர்கள். ஓர் அடி தள்ளி மண்வெட்டியால் குழி வெட்டி, பக்கச் சுவரைக் கத்தி முனையால் மேலிருந்து கீழாக நெம்பிக்கொண்டே வாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்து வந்த மண் ஓரிடத்தில் தகடு தகடாகப் பெயரத் தொடங்கும். கத்தி முனைக்கு எதிர்ப்பு கூடும். பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டரில் அது தட்டுப்படும். அங்கே வேரைப் பாருங்கள். நேராக வந்த ஆணிவேர் அந்த மட்டத்தில் தடித்து, மடங்கி, படுக்கையாகப் போயிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்து பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. இந்த நிலையில் யூரியா தெளித்தால் ஒரு வாரம் பச்சை காட்டும், வேர் இறங்காது.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் ஒரு முடிவு எடுங்கள்: இந்த வயலில் இனி என்ன பயிர்? வாய்க்கால் தண்ணீரில் இரண்டு போகம் நெல் மட்டும் என்றால் தட்டை உடைக்காதீர்கள். உடைத்தால் தண்ணீர் கட்டி நிறுத்த முடியாது, போட்ட உரமும் கூடவே இறங்கிப்போகும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வாடகைக்கு உளிக்கலப்பை (அடிமண்ணை ஆழமாகக் கீறும் கலப்பை) கிடைக்கிறது என்பதற்காகவே எல்லா வயலிலும் ஓட்டிவிடுகிறார்கள்.

நெல்லுக்குப் பின் உளுந்து என்று தொடர்பவர்களுக்கு நடுவழி உண்டு. அறுவடை இயந்திரம் இறங்கும் முன் வயலை முழுதாக வடியுங்கள். இயந்திரம் டயர் வண்டியாக இல்லாமல் பெல்ட் வண்டியாக இருக்கட்டும். நெல் டிரெய்லர் வயலுக்குள் சுற்றாமல் வரப்போரம் நிற்கட்டும். பத்து அடிக்கு ஒரு வடிகால் கீறிவிட்டாலே காற்றிடம் சில சதவீதம் கூடும். கோடையில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால், மக்கிப்போன வேர் விட்ட துளைகள் சில பருவம் வேலை செய்யும்.

நெல்லை விட்டுக் கரும்பு, பருத்தி, காய்கறி என்று மாறுபவர்கள் உளிக்கலப்பை ஓட்டலாம். சித்திரை, வைகாசியில், அடிமண் காய்ந்திருக்கும்போது அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு குறுக்குத் திசையிலும், 40 சென்டிமீட்டர் ஆழம் வரை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். காய்ந்த மண்தான் நொறுங்கும். ஈர மண்ணில் உளி ஒரு கோட்டைக் கிழித்து அதன் சுவரை மெழுகிவிட்டுப் போகும், டீசல்தான் செலவு. உழுத கையோடு ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தொழு உரம் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழையில் திறந்த துளை திரும்பவும் அடைந்துவிடும். கருவி வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்குக் கிடைக்கும்.

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு வயல்களில் இதே தட்டு வேறு வழியில் வருகிறது. ஈரத்தில் வெட்டு நடக்கும்போது சுமை வண்டி சாலுக்குள் இறங்குவதால் வருவது அது. மறுதாம்பு வரிசை வரிசையாக நலிந்து நிற்கும். வண்டித் தடத்தையும் நலிந்த வரிசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தினால் காரணம் அதுதான். வண்டி ஓடச் சில சால்களை மட்டும் ஒதுக்கி வைப்பதும், சோகையை (காய்ந்த கரும்பு இலையை) கொளுத்தாமல் இடைச்சாலில் பரப்பி மண்புழுவுக்கு விடுவதும்தான் நீடித்த தீர்வு.

அறிகுறி: மழைக்குப் பின் மேலே தண்ணீர், ஓர் அங்குலம் கீழே புழுதி, முளை வெளியே வரவில்லை

விருத்தாசலம், பண்ருட்டி செம்மண்ணில் மணிலா (நிலக்கடலை) போட்டவர்களுக்குத் தெரியும். இது அடிமண் கோளாறு அல்ல, மேலே சில மில்லிமீட்டர் தடிமனில் படியும் ஓடு. மழைத்துளி விழுந்த வேகத்தில் மண்கட்டி உடைந்து, பொடித் துகள் பெருந்துளையின் வாயை மூடிவிடுகிறது. காய்ந்தால் கெட்டிப்படும். முளை வளைந்து நெளிந்து ஓட்டுக்கு அடியிலேயே கிடக்கும். பூத்த பிறகு விழுதும் இறங்காது.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தை மண்ணில் மூன்று அங்குலம் இறக்கி 444 மில்லி தண்ணீர் ஊற்றினால் அது ஓர் அங்குல மழை. முதல் அங்குலத்தை விடுங்கள். இரண்டாவது 444 மில்லி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். மணற்பாங்கான செம்மண்ணில் ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம் இயல்பு. மூன்று மணி ஆனால் கோளாறு. இப்போது பக்கத்திலேயே மேல் ஓட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். வேகம் கூடிவிட்டால் குறை ஓட்டில். கூடாவிட்டால் குழி வெட்டி அடியில் தேடுங்கள்.

விதைத்தபின் ஓடு படிந்துவிட்டால் லேசாகத் தண்ணீர் தெளித்து இளக்குவது அல்லது பல் கொத்தியால் கீறிவிடுவது உடனடி உதவி. அடுத்த பருவத்துக்கு ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ போடுங்கள். மண் அமிலத்தன்மை காட்டினால் மட்டும் 800 கிலோ சுண்ணாம்பு. மணிலாவுக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடச் சொல்வது காய்க்குச் சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் தருவதற்கு. கூடவே மேல்மண்ணும் இளகும். ரோட்டவேட்டரால் மாவு போல அடிப்பதை நிறுத்துங்கள். சுண்டைக்காய் அளவுக் கட்டிகள் மேலே கிடப்பதுதான் மழைத்துளியைத் தாங்கும்.

அறிகுறி: குட்டையில் தண்ணீர் தெளியவே தெளியாது, பால் போல நிற்கிறது

பட்டாணி அளவில் ஒரு காய்ந்த மண்கட்டியைக் கண்ணாடி டம்ளரில் உள்ள மழைத்தண்ணீரில் போட்டு, கலக்காமல் விடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு உண்மையை மறைத்துவிடும். கட்டி சிறு துண்டுகளாகச் சரிந்து தண்ணீர் தெளிவாகவே இருந்தால் அங்ககச் சத்து குறைவு, அவ்வளவுதான். கட்டியைச் சுற்றிப் பால் மேகம் போலக் கலங்கினால் சோடியம் மிகுந்த களர். அந்த மண்ணில் களித்துகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து எல்லாத் துளையையும் அடைக்கும். எத்தனை முறை உழுதாலும் நிற்காது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சம் போட்டுப் பயன் இல்லை. எவ்வளவு என்பது வயலுக்கு வயல் மாறும், மண் பரிசோதனை நிலையத்தில் ஜிப்சம் தேவை என்றே கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: இன்று பாய்ச்சினால் நாளை மறுநாள் வாடுகிறது

கடற்கரை ஓரம், பரங்கிப்பேட்டையிலிருந்து புதுச்சேரி வரை உள்ள மணல்சாரி நிலம். இங்கே மொத்தத் துளை 40 சதவீதம்கூட இருக்கும், ஆனால் பெரும்பகுதி பெருந்துளை. விகிதம் 0.6-க்கு வெகு கீழே வரும். இடைத்துளையை உண்டாக்குவதுதான் வேலை. ஏரி வண்டல் கிடைத்தால் ஏக்கருக்கு 40 டன் வரை போடலாம், எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும். பரப்பிவிட்டு அப்படியே விடாதீர்கள். மணல்மேல் தனி அடுக்காக நின்றால் அதுவே ஓடாகிவிடும், உழுது கலந்துவிட வேண்டும். 400 கிலோ கல் உருளையைச் சரியான ஈரத்தில் எட்டுப் பத்து முறை ஓட்டி மணலை நெருக்குவதும் பரிந்துரைக்கப்பட்ட முறைதான். மண்ணை அழுத்துவது நல்லது என்று சொல்லும் இடம் இதுவும், ஆளை முழங்கால் வரை இழுக்கும் பொளபொளப்பான நெல்வயலும்தான். அந்த வயலுக்கும் இதே உருளைதான், எட்டு முறை.

அறிகுறி: கையில் எடுத்தால் ஈரம், செடி மட்டும் தலை தொங்குகிறது

கனத்த களியில் பயிர் வாடும் நேரத்திலும் கொள்ளளவில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கக்கூடும். மணலில் 5-க்கும் குறைவு. களியில் மிஞ்சியது நுண்துளைத் தண்ணீர், செடிக்கு எட்டாது. ஈரம் கைக்குத் தெரிகிறதே என்று பாசனத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் உப்பு மிகுந்தாலும் வேர் அழுகினாலும் இதே தோற்றம்தான் வரும். கடலோர வயலில் முதலில் உப்பைப் பரிசோதித்துவிடுங்கள். வேரைப் பிளந்து பழுப்பு ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால்தான் இது துளைக் கோளாறு.

துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் அழுத்தத் தட்டுக் கருவி உள்ள வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் மூன்றில் ஒரு பாரிலும் 15 பாரிலும் மண்ணில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பயிருக்குக் கிடைக்கும் தண்ணீர். கொள்ளளவில் 20 சதவீதம் நல்ல மண், 10-க்குக் கீழே மோசம். எந்த அழுத்தத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்டும் முழு வளைகோடும் எடுத்துத் தருகிறார்கள் என்றால், மண்ணியல் ஆய்வாளர் டெக்ஸ்டர் 2004-ல் முன்வைத்த, அந்தக் கோட்டின் சரிவைக் குறிக்கும் சரிவு எண்ணையும் கணக்கிடச் சொல்லலாம். அது 0.035-க்கு மேல் இருந்தால் மண்ணின் கட்டமைப்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

செய்தபின் சோதிப்பது

எந்த வைத்தியமானாலும் ஒரு காணியில் பாதிக்கு மட்டும் முதலில் செய்யுங்கள். அடுத்த அறுவடை முடிந்து, உழவு தொடங்கும் முன், இரண்டு பாதியிலும் அதே ஆழத்தில், அதே போல இரண்டு நாள் வடியவிட்டு நாலு நாலு வளையம் எடுங்கள். வைத்தியம் செய்த பாதியில் காற்றிடம் 10-ஐத் தாண்டி, செய்யாத பாதி பழைய எண்ணிலேயே நின்றால் மீதிப் பாதிக்கும் செய்யலாம். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் கருவிக்கு மறுபடி வாடகை கொடுக்கும் முன் இன்னொரு குழி வெட்டி, தட்டு எந்த ஆழத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து பாருங்கள். உளி அதற்கு மேலேயே நின்றிருக்கக்கூடும்.